ஒரு சாண் தோல்வி

எங்கள் அணி இந்த வருஷம் கடைசி இடத்துக்குத்தான் போகும் என்று நான் சொன்னபோது, அவர்கள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றிருக்கவில்லை. இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் ஜெயித்திருந்தார்கள். தெரு குதித்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர் வாசலில் சரவெடி வைத்தார். நான் மட்டும் உருப்படாது என்றேன்.

அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் சண்டைக்குக் காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கே வந்துவிடுவார்கள். வருஷா வருஷம் ஏலத்தில் ஆட்களை எடுத்து, வெயில் காலத்தில் இரண்டு மாதம் இருபது ஓவர் ஆடுகிறார்களே, அந்த அணிகளில் ஒன்று. அவ்வளவு போதும்.

நான் ஜோசியம் சொல்கிறவள் இல்லை. பார்த்துத்தான் சொன்னேன். எங்கள் ஆரம்ப ஆட்டக்காரர் முதல் ஆறு ஓவரில், வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் நிற்கும்போது, பந்தைத் தடவிக்கொடுக்கிறார். நிலைத்து நிற்கப் பார்க்கிறாராம். வர்ணனையில் சொல்கிறார்கள். பந்தி முடிகிறவரை கை கழுவிக்கொண்டே இருக்கிறவனை யாராவது சாப்பிட வந்தவன் என்பார்களா? நடுவில் வருகிற மூன்று பேரும் ஒரே அச்சு. வேகம் வந்தால் அடிப்பார்கள், சுழல் வந்தால் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். கடைசி ஓவர் போட ஆளே இல்லை. இருக்கிறவன் காலடியில் யார்க்கர் என்று நினைத்துப் போட்டு இடுப்புக்கு நேராகக் கொடுக்கிறான். ஜெயித்த இரண்டு ஆட்டத்திலும் எதிராளிகள் கையில் வந்த கேட்சை எல்லாம் கீழே போட்டார்கள். அதனால் ஜெயித்தோம். இதைச் சொன்னால் துரோகியாம்.

நானும் என் வீட்டுக்காரரும் பட்டுப் புடவை நெய்கிறவர்கள். முன் அறையில் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அந்தப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து உடலையும் இடது கரையையும் பார்ப்பார். நான் வலது பக்கம் பலகை போட்டு உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு உண்டான நாடாவை, இழையை ஏற்றிக்கொண்டு ஓடுகிற கட்டையை, தள்ளுவேன். அவர் நாடா என்னிடம் வரும், என் கரை இழையோடு கோத்துக்கொண்டு திரும்பிப் போகும், அவர் இழையை நெருக்குகிற பலகையை இழுத்து அடிப்பார். இதற்குக் கோர்வை என்று பெயர். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் ஒரு விரல்கூட நெய்ய முடியாது. விக்கெட்டுக்கு நடுவில் ஓடுகிற இரண்டு பேர் மாதிரிதான். ஒருவன் வா என்று சொல்லி, மற்றவன் வராவிட்டால் இரண்டு பேருக்கும் கேடு.

தறிக் காலில் ரப்பர் பேண்டு போட்டு செல்போனைக் கட்டியிருப்போம். கண் இழையில், காது செல்போனில். விக்கெட் விழுந்தால் மட்டும் தலையைத் தூக்குவேன். பகலில் ஆட்டம் இல்லாதபோது முந்தின நாள் ஆட்டத்தை மறுபடி போட்டு, அதில் சண்டை பிடிப்போம். அவர் அந்த ஆரம்ப ஆட்டக்காரரின் பக்தர். நான் அந்த ஆளைப் பேசினால் அவருக்குத் தன் அண்ணனைப் பேசின மாதிரி இருக்கும்.

இந்த வருஷம் ஆட்டங்கள் தொடங்கின நேரத்தில் தறியில் ஏற்றியிருந்தது விற்கிற புடவை இல்லை. அவர் தங்கை மகளுக்கு வைகாசியில் கல்யாணம். முகூர்த்தப் புடவை தாய்மாமன் வைக்க வேண்டியது. நெசவு செய்கிற தாய்மாமன் அதைக் கடையில் வாங்கி வைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை, கரை முழுக்க ஜரிகை. நிச்சயம் ஆன மறுநாளே நீள இழைகளை ஏற்றிப் பாவு போட்டோம். மாப்பிள்ளை வீடு பெரிய காஞ்சிபுரத்தில் மூன்று தலைமுறையாகத் தறி வைத்திருந்த வீடு. மாப்பிள்ளையின் அம்மா புடவையைக் கண்ணால் பார்க்க மாட்டாள், விரலால் பார்ப்பாள் என்று என் நாத்தனார் நிச்சயத்தன்றே என் காதில் சொல்லிவிட்டாள்.

"ஒரு குறை வந்துடக் கூடாது அண்ணி. அவங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஆயுசுக்கும் எம் பொண்ண அந்தப் பொடவைய வெச்சித்தான் பாப்பாங்க."

"உங்க அண்ணன் கை எப்பமா தப்பியிருக்குது?" என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கிரிக்கெட் குரூப் இருக்கிறது. எல்லாம் ஆம்பளைகள். எதிர் வீட்டுக்காரர்தான் அதை நடத்துகிறார். என்னைச் சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் செல்போனை எடுத்து, அவர் சாப்பிடும்போது, என் கருத்தை என் குரலிலேயே பேசி அனுப்பிவிடுவேன். அந்த இரண்டாவது வெற்றிக்கு மறுநாள் அப்படித்தான் அனுப்பினேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவனுங்க கடைசி எடத்துக்குத்தான் போவானுங்க. ஆரம்பிக்கிறவன் தூங்குறான், முடிக்கிறவன் ஓடுறான். வெடிய எடுத்து உள்ள வையுங்க, தீபாவளிக்கு ஆவும்."

குரல் என்னுடையது. ஆனால் அங்கே தெரிவது அவர் பெயர், அவர் படம். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனவர் அரைக் கிளாஸ் டீயோடு திரும்பி வந்தார்.

"இன்னா ஆச்சி?"

"இன்னா ஆவணும்? 'பொண்டாட்டி பேசுறா, நீ வாயசைக்கிறியாப்பா'ன்னு கேக்குறானுங்க. எதிர் வூட்டுக்காரரு டீ வாங்கித் தந்தாரு. 'குடி, அடுத்த மேட்ச்சுக்கு உன் வூட்டம்மாவதான் கேப்டனா அனுப்பணும்'ன்றாரு. அத்தினி பேரும் சிரிக்கிறானுங்க."

"நான் சொன்னதுல இன்னா தப்பு? அத சொல்லு."

"தப்புதான். டீம் மேல உசுரா இருக்கிறியே, ஒரு நல்ல வார்த்த வருதா உன் வாயில? நீ சொல்லிச் சொல்லித்தான் தோப்பானுங்க."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நான் சொல்லித் தோற்கிறார்களா? என் வாய்க்கு அவ்வளவு பலம் இருந்தால் முதலில் தெருக்குழாயில் தண்ணீர் வரவைத்திருப்பேன். அதையும் சொன்னேன். தறியில் உட்கார்ந்து நாடாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி. பந்தயம். கடைசி எடத்துக்குப் போவலன்னா, நீ டீக்கடைக்கு வந்து, எல்லார் முன்னாடியும் நின்னு, தெரியாம பேசிட்டேன்னு சொல்லணும்."

"போனா?"

அவர் யோசிக்கவே இல்லை. "போனா, என் எடத்துல நீ உக்காரு. நான் உன் எடத்துல உக்காந்து கோர்வை போடுறேன்."

பக்கத்துப் பலகையில் உட்காருகிறவர்களை எங்கள் தொழிலில் யாரும் நெசவுக்காரர் என்று சொல்வதில்லை. கூட உட்காருகிறவள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா வீட்டில் நான் குழியில் உட்கார்ந்து நெய்தவள். இருபது வருஷமாகக் கூட உட்காருகிறவள். அவர் சொன்னது எனக்கு எங்கே போய் உறைத்திருக்கும் என்று பாருங்கள். சரி என்றேன்.

அதற்குப் பிறகு தோற்க ஆரம்பித்தார்கள்.

முதல் தோல்விக்கு எனக்கு சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவதற்கு, பார்த்தியா என்றேன். மூன்றாவதில் செல்போன் சத்தத்தைக் குறைத்தேன். நாலாவதிலிருந்து எனக்கே பயம் வந்தது. நான் எந்த ஆளைச் சொன்னேனோ அந்த ஆள் அப்படியே தூங்கினான். எந்த ஓவரில் போகும் என்று சொன்னேனோ அந்த ஓவரில் போயிற்று. ஒருமுறை, "இப்ப பாரு, இறங்கி அடிக்கப் போறேன்னு ஸ்டம்பிங் ஆவான்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஆனான். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. வீட்டுக்குள் ஏதோ புகுந்துவிட்ட மாதிரி பார்த்தார்.

சின்ன வயதிலிருந்து எனக்கு இந்த அணிதான். தலைவலியோடு பார்த்திருக்கிறேன், பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். தோற்கும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் தோற்கட்டும் என்று சொல்கிறவர்கள் இல்லை. இது அந்த குரூப்பில் இருக்கிற ஒரு மண்டைக்கும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலுக்குப் போனபோது, 'நான் சொன்னது பொய்யாகட்டும்' என்று வேண்டிக்கொண்டேன். டீக்கடையில் போய் நின்று தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் ஆட்டம். தோற்றால் கடைசி இடம், அதற்கு மேல் ஏறவே முடியாது. ஜெயித்தால் நான் டீக்கடைக்கு. பன்னிரண்டு பந்தில் பதினான்கு ரன் வேண்டும், கையில் ஆறு விக்கெட் இருக்கிறது. நான் நாடாவைக் கீழே வைத்துவிட்டேன். அவரும் வைத்துவிட்டார். இதில் தோற்க முடியாது. குழந்தைகள் ஆடினாலும் தோற்க முடியாது.

முதல் பந்தில் தூக்கி அடித்தான், கேட்ச். அடுத்து வந்தவன் முதல் பந்திலேயே காலைக் காட்டி அவுட் ஆனான். பிறகு ஒரு ரன் அவுட். வா என்று கூப்பிட்டவன் கூப்பிட்ட இடத்திலேயே நிற்கிறான், வந்தவன் பாதியில் நிற்கிறான். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஓவரில் மிச்சமும் போயிற்று. நாலு ரன்னில் தோற்றோம்.

தெருவில் ஒரு சத்தம் இல்லை. செல்போனில் யாரோ புள்ளிப் பட்டியலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெயர் கடைசியில் இருந்தது. நான் சொன்னது நடந்துவிட்டது. ஜெயித்தது நான்தான். ஆனால் நடுரோட்டில் யாரோ அறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் குழியிலிருந்து எழுந்தார்.

"உக்காரு."

"இன்னா வெளையாட்டு இது?"

"சொன்னேன் இல்ல? சொன்னா சொன்னதுதான். உக்காரு."

இங்கேதான் தப்பு நடந்தது. இதை நெசவுத் தெருவில் பிறந்த யாரிடமும் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரு புடவைக்கு ஒரு கை. காய்ச்சல் வந்தால் தறி காத்திருக்கும், சாவு விழுந்தால் தறி காத்திருக்கும், நடுவில் வேறு ஆள் உட்கார மாட்டார்கள். ஒருவர் பலகை அடிக்கிற மாதிரி இன்னொருவர் அடிக்க முடியாது. கொஞ்சம் ஓங்கினால் இழை நெருங்கும், கொஞ்சம் தளர்ந்தால் விலகும், துணியில் கோடாகத் தெரியும். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவருக்கு ரோஷம் கண்ணை மறைத்தது. எனக்கு இருபது வருஷம் கண்ணை மறைத்தது. இது தங்கை மகளின் கல்யாணப் புடவை என்று இரண்டு பேரில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இறங்கி உட்கார்ந்தேன்.

அன்றைக்கு விளக்குப் போட்ட பிறகு நாலு விரல் நெய்தேன். அவர் என் பலகையில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினார். மறுநாள் காலையில் நானாக எழுந்து போவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, நான் போகவில்லை. அந்த ரன் அவுட் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டவன் ஏன் ஓடவில்லை? "கூப்டவன் ஓடியிருக்கணும்" என்பேன், ஒரு அடி. "பாதியில நிக்கிறவன அடிக்கணும்" என்பேன், ஒரு அடி. மத்தியானத்துக்குள் ஒரு சாண் ஆயிற்று. குழல் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

நாலு மணிக்கு நாத்தனாரும் கல்யாணப் பெண்ணான மருமகளும் வந்தார்கள். ஜாக்கெட்டுக்குத் துணி வாங்க வேண்டும், கரை நிறத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. அந்த நேரத்துக்கு வெயில் நேராகத் தறி மேல் வந்து விழும். மருமகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியற்காலையில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்கக் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவள் குனிந்து கரையைப் பார்த்தாள், பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"அத்த, இங்க இன்னா கோடு?"

எனக்கு முதலில் புரியவில்லை. எழுந்து அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். அரக்கு நிறத்தின் குறுக்கே, ஒரு சாண் அகலத்துக்கு, ஒரு பட்டை. துணி நனைந்து காயாத மாதிரி கறுத்து நின்றது. அதற்குள்ளேயும் சில இடத்தில் இன்னும் கறுப்பு. ரன் அவுட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே அடித்த இடங்கள். எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது.

"நூலு கொஞ்சம் மாறிப்போச்சிமா" என்றார் வீட்டுக்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். குரலே காட்டிக்கொடுத்தது.

"நூலு இல்ல" என்றேன். "கை மாறிச்சி. நான் நெய்தேன். பந்தயம் கட்டினோம்."

"இன்னா பந்தயம்?" என்றாள் நாத்தனார்.

"கிரிக்கெட்டு."

அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணப் பொடவ மேலயா அண்ணி பந்தயம் கட்டினீங்க?"

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

மருமகள்தான் முதலில் தேறினாள். "இது எங்க வரும் மாமா, கட்டினா?" என்று கேட்டாள். என் பழைய நூல் புடவையை எடுத்து, தறியில் அளந்து, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அவளுக்குச் சுற்றிப் பார்த்தோம். கொசுவத்துக்குள் போய்விடும் என்று வீட்டுக்காரர் சாமியை வேண்டிக்கொண்டே இருந்தார். போகவில்லை. சாக்பீஸ் கோடு அவளுடைய இடது இடுப்பில், முன்பக்கம், பளிச்சென்று நின்றது.

"ஃபோட்டோல இதுதான் மொதல்ல தெரியும்" என்றாள் மருமகள். பிறகு, அழுகையை அடக்கிக்கொண்டு, "அத்த, அந்த டீமுக்கோசரமா?" என்றாள். அவளும் அதே அணிதான்.

பிரிப்பது என்று முடிவாயிற்று. கல்யாணத்துக்கு நாள் இருந்தது, தாராளமாக இல்லை. அவர்கள் போனதும் வீட்டுக்காரர் தறிக் காலிலிருந்து செல்போனைக் கழற்றி, அணைத்து, அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். "இனிமே இந்த வூட்டுல மேட்ச்சு கெடையாது."

நெய்ததைப் பிரிப்பது நெய்வதைவிடக் கேவலமான வேலை. ஒரு இழையை இழுத்தால் பக்கத்து இழை கூடவே வரப் பார்க்கும். ஜரிகை நெளியும். பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், முடிச்சு வெளியே தெரியக் கூடாது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒவ்வொரு இழையாக எடுத்தோம். இரண்டரை நாள். என் கோபத்தை நானே ஒவ்வொன்றாக வெளியே எடுத்த மாதிரி இருந்தது. அந்த இரண்டரை நாளில் நாங்கள் பேசியது இரண்டே வார்த்தை. "வுடு." "புடி."

எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னாமா, கணிப்பு ஒண்ணும் காணோம்? ஜெயிச்சதோட நிறுத்திட்டியா?"

"போய்யா வேலயப் பாத்துக்கினு" என்றேன். அவர் எங்கள் கையைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், போய்விட்டார். அவரும் நெசவுக்காரர்தானே, புரிந்திருக்கும். ஆனால் இதைப் பற்றி குரூப்பில் அவர் ஒரு வார்த்தை போடவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த ஆளிடம் நான் அதை எதிர்பார்க்கவே இல்லை.

ஒரு சாணும் போன பிறகு வீட்டுக்காரர் தன் இடத்தில் இறங்கி உட்கார்ந்தார். நான் என் பலகையில் உட்கார்ந்தேன். அமைதியாக நெய்தோம். கோயிலில் பேசக் கூடாது என்கிற மாதிரி அமைதி. மூன்று விரல் ஆனதும் நாலு மணி வெயிலுக்குக் காத்திருந்து பார்த்தோம்.

மறுபடி கோடு.

இந்தத் தடவை கறுப்பு இல்லை, வெளுப்பு. துணி தளர்ந்து, இழை விலகி, முன்னால் நெய்த இடத்தோடு ஒட்டாமல் தனியாக நின்றது. கையை மாற்றவில்லை. உட்கார்ந்தது அவர்தான், இருபது வருஷமாக அடித்த அதே கை. ஆனால் பயந்துபோய் அடித்திருக்கிறது. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு முதல் கோட்டைப் பார்த்ததைவிட இதுதான் பேரதிர்ச்சி. என் தப்பைப் பிரித்து எடுத்துவிடலாம். அவர் கை போய்விட்டால் எதைப் பிரிப்பது?

அந்த மூன்று விரலையும் பிரித்தோம். மறுநாள் காலை மறுபடி உட்கார்ந்தார். முதல் அடி விழுந்தது. கேட்டதும் தெரிந்துவிட்டது, சத்தம் சரியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் கேட்ட சத்தம். அவர் அடித்தால் பலகை கட்டென்று வந்து நிற்கும். இது வந்து சாய்ந்தது. இரண்டாவது அடியும் அப்படியே. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. கோடு விழாத முதல் பாதிப் புடவையை நாங்கள் எப்படி நெய்தோம்? செல்போனைக் கத்தவிட்டு, நாங்களும் கத்திக்கொண்டு நெய்தோம். இந்த அமைதியில் நெய்யவில்லை.

காலை பத்து மணிக்கு எங்கே ஆட்டம் இருக்கும்? அரிசி டப்பா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தேன், பிறகு நானே ஆரம்பித்தேன்.

"அடுத்த வருஷ ஏலத்துல உன் ஆள ஒருத்தனும் எடுக்க மாட்டான்."

நாடா வந்தது, கோத்து அனுப்பினேன்.

"பேர வாசிப்பாங்க. அல்லாரும் தண்ணி குடிச்சிக்கினு இருப்பானுங்க. ஒரு கை தூக்க மாட்டான்."

"வாய மூடிக்கினு வேலயப் பாரு."

"மூணு வருஷமா அவன் ஆடினத எல்லாம் சேத்தாலும் ஒரு நாள் ஆட்டம் தேறாது. எங்கப்பாருக்கு மூட்டு வலி, அவருகூட இவன வுட வேகமா ஒரு ரன்னு ஓடுவாரு."

"அறிவு இருக்குதா உனக்கு?" பலகை வந்து அடித்தது. கட். "எதிர்ல ஒருத்தனும் நிக்கலன்னா அவன் இன்னா பண்ணுவான்? ஒத்த ஆளா எத்தினி பேருக்கு ஆடுவான்?" கட். "அன்னிக்கு இருவது பந்து நின்னானே, அவன் நிக்கலன்னா அம்பதுக்குள்ள சுருண்டிருக்கும்." கட்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குனிந்துகொண்டேன். வாயை மட்டும் நிறுத்தவில்லை. சுழலுக்குத் தடுமாறுகிற நடு ஆட்டக்காரர் மூன்று பேரையும் திட்டினேன். பயிற்சியாளரைத் திட்டினேன். இன்னும் மூன்று வருஷத்துக்கு யார் யார் எந்த இடத்துக்குப் போவார்கள் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் அடித்தார். எதிர் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வாசல்வரை வந்தவர், அங்கேயே நின்று, "ஏலம்னா ஒரு ரெண்டு ஸ்பின்னர் எடுக்கணும்பா" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு வெயில் வந்தது. மூன்று பக்கமும் நின்று பார்த்தேன். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கோடு இல்லை. அவர் எழுந்து வந்து பார்க்கவே இல்லை. "இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். "இல்ல" என்றேன். நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மிச்சப் புடவையை அப்படிப் பேசிப் பேசியே முடித்தோம். தொண்டை கட்டிப்போன நாளில் மட்டும் அரிசி டப்பாவிலிருந்து செல்போன் வெளியே வந்தது.

கல்யாணத்தன்று சாயங்காலம் அந்த இரண்டு மாத ஆட்டங்களின் இறுதி ஆட்டம். எங்கள் அணிக்கு அதில் என்ன வேலை? மண்டபத்தில் இருந்த ஆம்பளைகள் காலையிலிருந்தே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மணப்பெண்ணிடம் வந்தார். தலையில் பூவைச் சரி செய்கிற மாதிரி செய்தார். பிறகு கை இறங்கி இடுப்புக்கு வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் துணியைப் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். அந்த ஒரு சாண் இருந்த இடத்தைத் தாண்டும்வரை நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"கை சீரா இருக்குது" என்றார் அந்த அம்மா, வீட்டுக்காரரைப் பார்த்து. "யாரு கூட உக்காந்தது?"

இருபது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மருமகள் மாலைக்கு உள்ளேயிருந்து என்னைக் கிட்டே வரச் சொல்லி ஜாடை காட்டினாள். குனிந்தேன்.

"அத்த, சாயந்தரம் யாரு ஜெயிப்பா?"

எந்த அணி ஜெயிக்கும், எத்தனை ரன்னில் ஜெயிக்கும், எந்த ஓவரில் திரும்பும், எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "பந்தயம் கெடையாது" என்றார்.

நான் சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை.